மேசைக்கு அடியில் ஒரு குண்டு

(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீதான் சினிமா எடிட்டர் ஆச்சே! த்ரில்லர் படத்துல எங்களை எப்படிய்யா பயமுறுத்துறீங்க? அதைப் பேசு" என்று நம் செயலாளர் கட்டளையிட்டு விட்டார். தொழில் ரகசியம்தான். நம்ம வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் தப்பில்லை.

உத்திகள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். சுவர்க் கடிகாரத்தை அடிக்கடி காட்டுவது. ஆளுக்கு முன்னால் அவன் நிழலைப் படியேற விடுவது. நடுராத்திரியில் தொலைபேசியை அலற வைப்பது. ஆபத்தையும், அதை அறியாத ஆளையும் மாற்றி மாற்றிக் காட்டி, ஷாட்டுகளைச் சுருக்கிக்கொண்டே போவது. கதவைத் திறந்தால் பூனை. அப்பாடா என்று நாம் மூச்சு விடும்போது நிஜமான ஆபத்து. அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்துதான் நான் ஒரு படத்தில் கோட்டை விட்டேன். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) தொடக்கத்திலேயே சிவாஜியைச் சாகடித்து, ஒரு பாட்டுக்கூட இல்லாமல் எடுத்த படம். அந்தப் புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனை நான். முதல் ரீலில் கொலை, கடைசி ரீல் வரை எல்லாமே மூடுமந்திரம். மேட்னி ஷோவில் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பினார்கள். ஒருவரை நிறுத்திக் கேட்டேன். "எவன் செத்தா நமக்கென்ன சார்?" என்றார். சுருக்கென்றது. 'அந்த நாள்' செத்தவனை அவனை அறிந்தவர்கள் வாய்மொழியாக நமக்குப் பழக்கப்படுத்துகிறது. நான் பிணத்தை மட்டும் காட்டியிருந்தேன்!

ஹிட்ச்காக் 1962-ல் த்ரூஃபோவுக்குத் தந்த நீண்ட பேட்டியில் இதை விளக்கியிருக்கிறார். சிலர் பேசிக்கொண்டிருக்கும் மேசைக்கு அடியில் திடீரென்று குண்டு வெடித்தால், பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை நமக்கு முன்பே காட்டிவிட்டால், அதே வெட்டிப் பேச்சு பதினைந்து நிமிடத் தவிப்பு. ரகசியத்தை மறைப்பதில் இல்லை த்ரில். நம்மிடம் சொல்லிவிடுவதில் இருக்கிறது.

அவரே சறுக்கிய இடமும் உண்டு. 1936-ல் வந்த 'சபோட்டாஜ்' படத்தில் ஒரு சிறுவன், படச்சுருள் டப்பாக்களோடு ஒரு பொட்டலத்தையும் சுமந்து லண்டன் தெருக்களில் போகிறான். உள்ளே குண்டு. நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வழியில் வேடிக்கை பார்க்கிறான். பஸ்ஸில் ஒரு நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். குண்டு வெடித்து, பிள்ளை செத்துப்போகிறான். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அது தன் தவறு என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஏன் அந்தக் கோபம்? அதற்குள் அவன் நம்ம வீட்டுப் பையனாகிவிட்டானே! பாசம் வைத்த பிறகுதான் பயம் வரும்.

தம்பி தங்கைகளே, இந்த வளாகத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த இடமெல்லாம் எங்களுக்கு நினைவிருக்கிறது. உங்கள் மேசைக்கு அடியில் இருப்பது சில நேரம் எங்கள் கண்ணில் படும். திரையைப் பார்த்துக் கத்தினால் அந்தப் பையனுக்குக் கேட்காது. இங்கே கத்தினால் கேட்கும். ஆகவே தோழர்களே, சீட்டில் சாய்ந்துகொண்டு படம் பார்க்காதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். தம்பிகளே, "பெருசுங்க ஆரம்பிச்சுட்டாங்கடா" என்று எழுந்து போகாமல் கொஞ்சம் கேளுங்கள்.