மாயர் நாட்டு எழுத்துக் கற்கள்



நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அதன் எரிமலைகளையும் ஏரிகளையும் படங்களிற் காணலாம். ஆதலின் திக்கால் என்னும் ஓரிடத்தையே எடுத்துக்கொள்கின்றேன்.

தலைநகரிலிருந்து வானூர்தியில் வடக்கே புளோரசு என்னும் ஏரித்தீவை அடைந்து, அங்கிருந்து பேருந்தில் காட்டுக்குள் செல்லவேண்டும். பெருமரங்களின் தலைக்கு மேலே படியடுக்குக் கோயில்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்தது ஏறக்குறைய 65 மீட்டர். இதைக் கண்டதும், "மயன் வழிவந்தவரே மாயர்" என்று முழங்க நம்மவர் சிலருக்கு நா எழும். பெயரொலி ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. அவர்கள் பெருமை அவர்களுடையதே.

முற்றங்களில் எழுத்துப் பொறித்த நெடுங்கற்கள் நிற்கின்றன. திக்காலில் காலங்குறித்த கடைசிக் கல் கி.பி. 869-ஆம் ஆண்டினது. நகரங்கள் பாழாயின, மக்கள் அழிந்தாரல்லர். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் மாண்டும் மறைந்தும் போயினர். அவர்களுள் மிகப் பலர் மாயரே. எனினும் இருபதுக்கு மேற்பட்ட மாய மொழிகள் அந்நாட்டுச் சந்தைகளிலும் வீடுகளிலும் இன்றும் வழங்குகின்றன.

மறைந்தது எழுத்து. 1562-இல் யூக்கத்தானில் தியேகோ தெ லாந்தா என்னும் துறவி மாயர் ஏடுகளைத் தீயிலிட்டார். இன்று எஞ்சியவை நான்கே. வியப்பு யாதெனில், அதே துறவி எழுதிவைத்த எழுத்துக் குறிப்பே பின்னர்த் திறவுகோலாயிற்று! 1952-இல் உருசிய அறிஞர் யூரி குனோரொசொவ், அக்குறிகளுட் பல நம் உயிர்மெய் போன்ற அசையெழுத்துகள் என்று காட்டினார். 'கு', 'த்சு' என்னும் இரு குறிகள் சேர்ந்தால் 'குத்சு', அதாவது வான்கோழி. அதே 'த்சு'வுடன் 'லு' சேர்ந்தால் 'த்சுல்', அதாவது நாய். ஈற்றுயிர் ஒலிப்பதில்லை. சிறுவர்களே, உங்களுக்கு இது விளையாட்டாகவே வரும்.

இன்று மாய இளைஞர் சிலர், தம் பாட்டன்மார் அறியாத அவ்வெழுத்தை மீண்டும் கற்றுத் தம் பெயரை எழுதுகின்றனர்.

நம் பெங்களூருத் தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் உண்டு. அங்கே 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இப்பகுதிக் கல்வெட்டுகளை ரைசு துரை 1905-இல் அச்சேற்றினார். நம் குழந்தைகளோ வீட்டில் தமிழ் பேசுவர். பேருந்துப் பலகையைக் கன்னடத்தில் படிப்பர். தமிழ் எழுத்தைக் கண்டால் விழிப்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அங்கே அழைத்துச் செல்வோம். பழைய எழுத்தாதலின் நாமும் திணறுவோம்; அச்சுப் படியைக் கையில் கொண்டு செல்லலாம். வண்டி ஏற்பாட்டைச் செயலாளர் பொறுப்பில் விடுகின்றேன்.