நரம்பும் நல்லெண்ணெயும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காலில் முள் தைத்தால் அக்கணமே காலை இழுத்துக்கொள்கிறோம். அச்செய்தியைக் கொண்டு செல்வது நரம்பு. அதனைத் தந்திக் கம்பிக்கு ஒப்பிடுவர். எனினும் கம்பியில் மின்சாரம் ஓடுவது வேறு, நரம்பில் செய்தி செல்வது வேறு. நரம்பிழையின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை திறந்ததும் மின்னேற்றம் கொண்ட சோடியம் உட்புகும். பின்னர்ப் பொற்றாசியம் வெளியேறும். அம்மாற்றம் அடுத்த வாயிலைத் திறக்கும். இவ்வாறே செய்தி முன்னேறும். கணவாயின் பெரிய நரம்பிழையில் ஆராய்ந்து இதனை 1952இல் விளக்கிய ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1963இல் நொபெல் பரிசு பெற்றனர்.

முதுகெலும்பிலிருந்து பாதத்துக்குச் செல்லும் நரம்பிழை ஏறக்குறைய 1 மீற்றர் நீளமுடையது. அதன் நுனிக்கு வேண்டிய பொருளெல்லாம் முதுகுத்தண்டிலுள்ள உயிரணுவிலிருந்தே போய்ச் சேரவேண்டும். ஆதலால் சில விஷங்கள் நீண்ட இழைகளின் நுனியையே முதலில் அழிக்கின்றன. பாதம் தொங்கும், நடை தளரும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம்மவர் வழக்கம். 1977-78இல் அவ்வாறு எண்ணெய் உண்ட 20க்கு மேற்பட்ட இளம் பெண்கள் கைகால் தளர்ந்தனர். அவ்வெண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற் என்னும் விஷம் கலந்திருந்ததை வைத்தியர்களான சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் வெளியிட்டனர். முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கலங்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்தமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 1959இல் மொறொக்கோவிலும் விமான எஞ்சின் எண்ணெய் சமையல் எண்ணெயில் கலந்ததால் ஏறக்குறைய 10,000 பேர் இதே நோய்க்கு ஆளாயினர்.

அன்பர்களே! குற்றம் நம் வழக்கத்தில் இல்லை, கிரகத்திலும் இல்லை, கண்ணூறிலும் இல்லை. கழுவாத கலத்தில் இருந்தது. எண்ணெய்த் தாங்கிகளை நாள்தோறும் காணும் கொலன்னாவை வாசிகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, வழக்கத்தைப் பேணுவோர் எண்ணெயின் தூய்மையையும் பேணுக. விளக்குக்கு வாங்கியதை உணவுக்கு எடுக்கவேண்டாம். ஊர் பேர் தெரியாத பீப்பாயிலிருந்து அளந்து தருவதை வாங்கவேண்டாம்.

பிள்ளையின் பாதம் தளர்ந்தால் நூல் கட்டிக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரே எண்ணெயை உண்ட பலருக்கு இவ்வாறு நேர்ந்தால் மிஞ்சிய எண்ணெயைக் கொட்டிவிடாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படையுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காப்பது அந்த ஒரு போத்தலாகவும் இருக்கலாம்.