மூக்கில் வழியும் குருதியும் மண்டையோட்டின் அடித்தளமும்



விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் மழை குறைவு, வெயில் மிகுதி. அந்த வறட்சியே பட்டாசுத் தொழிலுக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் இடங்கொடுத்தது. அங்கே பள்ளிச் சிறுவன் ஒருவனுக்கு மூக்கில் இரத்தம் வடிந்தால், "உடற்சூடு" என்று சொல்லித் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து விடுவர். பட்டாசு மருந்தின் தூள்மேல் பழி போடுவோரும் உளர். பெரும்பாலான சிறுவரிடம் அஃது அஞ்சத்தக்கதன்று. தலையை முன்சாய்த்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாது அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

ஆயின் பத்து வயது கடந்த ஆண்பிள்ளைக்கு ஒரே பக்க மூக்கு ஓயாமல் அடைத்து, வலியின்றி மீண்டும் மீண்டும் குருதி கொட்டுமானால், அதைச் சூடு என்று தள்ளுதல் பெரும் பிழை. 'ஆஞ்சியோஃபைப்ரோமா' என்னும் கட்டி ஏறத்தாழ ஆண்பிள்ளைகளுக்கே வருவது. மூக்கின் பின்வாயிலில் தோன்றும் அது புற்றுநோயன்று. எனினும் எலும்பை அரித்துக் கண்குழிக்கும் மண்டையோட்டின் அடித்தளத்துக்கும் பரவ வல்லது. பட்டாசுப் புகை அதனை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை.

இக்கட்டியில் இரத்தநாளங்கள் மிகுதி. ஆகவே மற்றக் கட்டிகளைப்போல் இதிலிருந்து சிறுதுண்டு வெட்டிச் சோதித்தல் உயிருக்கே கேடாகலாம். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களே நோயைக் காட்டிவிடும். அறுவைக்கு ஓரிரு நாள் முன்னதாகத் தொடையிடுக்குத் தமனி வழியே நுண்குழாய் செலுத்தி, கட்டிக்குக் குருதி ஊட்டும் நாளங்களை அடைப்பர். முன்னாளில் முகத்தையோ அண்ணத்தையோ கீறியே கட்டியை எட்டினர். இன்று பெரும்பாலானவற்றை எண்டாஸ்கோப் கொண்டு மூக்குத் துளை வழியாகவே எடுக்கின்றனர். கண்நரம்பை ஒட்டிப் படர்ந்ததை முற்றும் எடுக்க முனைந்து பார்வையை இழப்பதினும், சிறிது விட்டுவைத்துக் கண்காணிப்பதே சில வேளை அறிவுடைமை.

சிறுமியர்க்கும் சிறுவர்க்கும் ஒப்ப வரும் 'கிரேனியோஃபாரிஞ்சியோமா' பிட்யூட்டரிச் சுரப்பியருகே வளர்வது. வளர்ச்சி குன்றல், ஓயாத் தாகம், அடிக்கடி சிறுநீர், கரும்பலகை தெரியாமை ஆகியன அதன் குறிகள். கண்ணாடி மாற்றியும் பார்வை தேறாத பிள்ளையைக் கண்மருத்துவரோடு நிறுத்திவிடலாகாது.

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. முதற்சோதனைக்கு அதன் காது மூக்குத் தொண்டைப் பிரிவை நாடலாம். மேற்சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டரே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பழைய ஸ்கேன் படங்களையும் உடன் கொண்டு செல்லுதல் நன்று. கட்டி மீண்டும் துளிர்ப்பதுண்டு. ஆதலின் அறுவை முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் மருத்துவர் குறித்த நாளில் படம் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.