கடவுளும் கடைக் கண்ணாடியும்



மதம், விளம்பரம், நகைச்சுவை மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பேசினாலே வம்பு வரும் விஷயங்கள். ஆகவே, யாரும் கோபித்துக்கொள்ள முடியாத பொருளிலிருந்து தொடங்கலாம் என்று லட்சுமி வெடியைத் தேர்ந்தெடுத்தேன்.

திருமகள் படத்தை மேலே ஒட்டி, உள்ளே மருந்தை அடைத்து, சிவகாசியிலிருந்து அனுப்புகிறார்கள். நாம் திரியைக் கிள்ளி, ஊதுபத்தியால் பற்றவைத்துவிட்டு ஓடுகிறோம். மறுநாள் காலை தெரு முழுக்க லட்சுமியின் துணுக்குகள். அவற்றை மிதித்துக்கொண்டுதான் தலைதீபாவளி மாப்பிள்ளை கோயிலுக்குப் போகிறார். செய்தவரும் பக்தர், வெடித்தவரும் பக்தர். இதை யாரும் பெரும் குற்றமாக எடுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. பிறகு ஒரு நாள் குற்றமாயிற்று. 2020 தீபாவளிக்குக் கடவுளர் படம் போட்ட பட்டாசுகளுக்குத் தடை என்று மத்தியப் பிரதேச அரசு அறிவித்தது. வெடியும் மாறவில்லை, படமும் மாறவில்லை. சரி, அப்படியானால் லட்சுமி வெடியைப் பற்றியும் கோபித்துக்கொள்ளலாம் என்று தெரிகிறது. வேறு வழியில்லை, மேலே போகிறேன்.

கடவுளைக் கடைக்கு அழைத்து வந்தவர்கள் இன்றைய விளம்பரக்காரர்கள் அல்லர். மான்செஸ்டர் ஆலைகள் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக் கட்டுகளில் நம் சாமி படங்களை அச்சிட்ட சீட்டுகளை ஒட்டின. உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் தன் காலண்டரில் குழந்தைக் கண்ணனைப் போட்டது. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடெங்கும் போயின. மேலே வள்ளி தெய்வானையோடு முருகன், கீழே ஜவுளிக்கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும். ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டுப் பூசை அறையில் மாட்டினோம். கடைப் பெயரோடுதான் மாட்டினோம். தினமும் காட்டிய கற்பூரத்தில் ஜவுளிக்கடைக்கும் ஒரு பங்கு போயிற்று.

ஆக, கடவுளை வைத்து வியாபாரம் செய்வது தப்பில்லை என்று ஊர் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. கடவுளை வைத்துச் சிரிப்பதாவது தப்பா? இகழ்வது போலப் புகழும் நிந்தாஸ்துதி என்ற ஒரு வகையையே வைத்திருக்கும் மொழி நம்முடையது. சுந்தரர் சிவனிடம் கோபித்துக்கொண்டு பாடினார். காளமேகம் எந்தச் சாமியையும் கேலி செய்யாமல் விட்டதில்லை. கோயிலுக்குள் நின்று சொன்ன கேலி அது. சொன்னவர் நம் ஆள், கேட்டவர்களும் நம் ஆட்கள். விளம்பரத்தில் இந்த உரிமை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

2017 செப்டம்பரில் கொல்கத்தா நாளிதழ் ஒன்றில் ஜாவேத் ஹபீப் முடிதிருத்த நிலையத்தின் விளம்பரம் வந்தது. துர்க்கை தன் பிள்ளைகளோடு அழகு நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வங்காளிக்கு இது புதிதே இல்லை. அங்கே துர்க்கை ஆண்டுக்கு ஒருமுறை புகுந்த வீட்டிலிருந்து தாய்வீடு வரும் பெண். பூசைப் பருவத்தில் அந்தக் குடும்பத்தை வைத்துக் கேலிச்சித்திரம் போடுவது அங்கே வழக்கம். பண்டிகைக்கு வரும் பெண் வழியில் தலையலங்காரம் செய்துகொள்வதில் என்ன இருக்கிறது? ஆனால் படம் கொல்கத்தாவோடு நிற்கவில்லை. கைப்பேசி வழியே அது போன ஊர்களில் துர்க்கை வீட்டுப் பெண் அல்லள், சிங்கத்தின் மேல் அமர்ந்த பராசக்தி. உத்தரப் பிரதேசத்தின் உன்னாவில் கடை நொறுங்கியது. உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார்; என் மதம் கத்தரிக்கோல்தான் என்றும் சொல்லிப் பார்த்தார். அவர் பெயரும் கோபத்துக்கு ஒரு காரணமாக இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதே படத்தை ஒரு முகர்ஜியின் கடை போட்டிருந்தால் கண்ணாடி தப்பியிருக்கும் என்பது என் ஊகம்.

தோனியின் கதை இன்னும் வேடிக்கை. 2013 ஏப்ரலில் ஒரு வணிக இதழ் அவரைத் திருமால் கோலத்தில் அட்டையில் போட்டது. பல கைகள், ஒவ்வொன்றிலும் அவர் விளம்பரத்துக்கு வரும் ஒரு பொருள். ஒரு கையில் காலணி. விளம்பர மோகத்தைக் கேலி செய்த படம் அது. இதழுக்குப் படம் வரைந்தவர் வேறொருவர், தோனி அல்லர். ஆனாலும் பெங்களூரிலும் அனந்தபூரிலும் அவர்மேல் வழக்கு வந்தது, பிடிவாரண்டு வரை போனது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அனந்தபூர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்த அவமதிப்பு மட்டுமே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவில் குற்றம். அறியாமலோ கவனக்குறைவாகவோ நேர்ந்தது அதில் வராது என்றது. இது புதிய கருத்தும் அன்று. 1927இல் வந்த அந்தப் பிரிவின் எல்லையை 1957இலேயே உச்ச நீதிமன்றம் இப்படித்தான் வரைந்திருந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்ற எண்ணோடு அதே பிரிவு தொடர்கிறது. சட்டம் நாம் நினைப்பதைவிட நிதானமானது. அதன் வாசலுக்குப் போய்ச் சேர நான்கு ஆண்டு ஆகிறது, அதுதான் சிக்கல்.

இது இந்துக்களின் சங்கடம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2005இல் பிரான்சில் ஜிர்போ என்ற ஆடை நிறுவனம் இயேசுவின் கடைசி இராவுணவுக் காட்சியில் பெண்களை அமர்த்தியது. ஆயர்கள் வழக்குப் போட, கீழ்க்கோர்ட்டு தடை விதித்தது, மறு ஆண்டு நாட்டின் உச்சக் கோர்ட்டு தடையை நீக்கியது. லிதுவேனியாவில் 2012இல் ஒரு விளம்பரம்: பச்சை குத்திய இளைஞன், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், ‘இயேசுவே, என்ன கால்சட்டை!’ என்று ஒரு வரி. நாம் ‘அட முருகா’ என்பது போல அங்கேயும் வியப்புக்கு இயேசுவைக் கூப்பிடுவார்கள், சிலேடை அவ்வளவுதான். அரசு அமைப்பு 2,000 லிதாஸ் அபராதம் போட்டது. ஏறத்தாழ 580 யூரோ. நிறுவனம் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2018 ஜனவரியில் வென்றது. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லா இடத்திலும் நான் விளம்பரக்காரர் பக்கம் நிற்பேன் என்று இல்லை. 2017இல் ஆஸ்திரேலியாவின் இறைச்சி, கால்நடை அமைப்பு ஆட்டுக்கறி விற்க ஒரு விருந்து காட்டியது. இயேசு, புத்தர், ஜீயஸ் எல்லாரும் மேசையில், அவர்களோடு பிள்ளையார். இந்தியத் தூதரகம் முறையிட்டது. அங்குள்ள விளம்பரத் தர அமைப்பு முதலில் தவறில்லை என்றது, மறுபரிசீலனைக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில் தவறுதான் என்று மாற்றிக்கொண்டது. இரண்டாவது தீர்ப்புதான் எனக்கும் சரி. கொழுக்கட்டைக்காரரைக் கறி விற்க அழைத்தவர்கள் அவரிடம் நட்பு கொண்டாடியவர்கள் அல்லர். வழிபடுவோர் அந்த நாட்டில் சிறு கூட்டம் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

நகைச்சுவையே இல்லாத இரண்டு விளம்பரங்களுக்கு இப்போது வருகிறேன். 2019 ஹோலிக்கு வந்த சர்ஃப் எக்ஸல் படத்தில் ஒரு சிறுமி தெருப் பிள்ளைகளின் வண்ணம் முழுவதையும் தன்மேல் வாங்கித் தீர்த்துவிட்டு, வெள்ளை உடுத்திய முஸ்லிம் சிறுவனைச் சைக்கிளில் பள்ளிவாசலில் கொண்டுபோய் விடுகிறாள். எதிர்ப்பு கிளம்பியது. கோபத்தில் சிலர் மைக்ரோசாஃப்ட் எக்ஸலுக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு வந்தார்கள். இந்தச் சொற்பொழிவில் நகைச்சுவைக்குப் பொறுப்பு அவர்கள்தான். இந்துஸ்தான் யூனிலீவர் படத்தை எடுக்கவில்லை. சத்தம் அடங்கியது.

2020 அக்டோபரில் வந்தது தனிஷ்க் நகைக்கடையின் படம். முஸ்லிம் வீட்டுக்கு வாழ வந்த இந்துப் பெண்ணுக்கு மாமியார் வளைகாப்பு நடத்துகிறார். உங்கள் வீட்டில் இந்தச் சடங்கு கிடையாதே என்று மருமகள் கேட்க, மகளை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டே என்கிறார். இதைக் கேலி என்று யாராலும் சொல்ல முடியாது. இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சில் புகாரை ஆராய்ந்து, விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. அதற்குள் படம் போய்விட்டது. புண்பட்ட உணர்வுகளையும், ஊழியர்கள், கூட்டாளிகள், கடைப் பணியாளர்களின் நலனையும் கருதி எடுத்துவிடுகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. தனிஷ்க்கின் தாய் நிறுவனமான டைட்டனில் தமிழ்நாடு அரசின் டிட்கோவுக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் உண்டு. அதாவது பின்வாங்கியதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

டைட்டனைவிட யூனிலீவருக்குத் துணிச்சல் அதிகமா? நான் அப்படி நினைக்கவில்லை. சோப்புத்தூள் எல்லா மளிகைக் கடையிலும் சரமாகத் தொங்குகிறது. எந்தக் கடையை உடைப்பது? நகைக்கடைக்கோ பெயர்ப்பலகை இருக்கிறது, ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது, உள்ளே சீருடையில் நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கேலியா பக்தியா, சரியா தவறா என்ற எதுவும் இங்கே கணக்கில் வரவில்லை. எந்த விளம்பரம் நிற்கும், எது போகும் என்பதைக் கடைக் கண்ணாடி முடிவு செய்கிறது. கண்ணாடி இல்லாத இடத்தில் அமைச்சர் வருகிறார். 2021இல் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காகக் கர்வா சௌத் நோன்பிருப்பதாகக் காட்டிய டாபர் படத்துக்கும், சப்யசாச்சியின் தாலி விளம்பரத்துக்கும் மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் நடவடிக்கை எடுப்பதாக எச்சரித்தார். பின்னதற்கு 24 மணி நேரக் கெடு. இரண்டும் மறைந்தன.

அரசியல் சரித்தன்மையைப் பற்றியும் பேசச் சொன்னீர்கள். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, கறுப்பாக இருந்தால் வேலையும் வரனும் கிடைக்காது என்று கறுத்த பெண்கள் நிறைந்த நாட்டில் பல ஆண்டுகள் விளம்பரம் செய்தது. அப்போதும் மனம் புண்பட்டது. மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடியது. ஆனால் அந்தப் புண்ணுக்காக யாரும் 24 மணி நேரக் கெடு விதிக்கவில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஒரு கறுப்பினத்தவர் கழுத்தின்மேல் போலீஸ்காரர் முழங்காலை வைத்த பிறகே, 2020 ஜூலையில், கிளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. ‘இப்போதெல்லாம் எதற்கும் சிரிக்க முடியவில்லை’ என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இதை நினைவூட்டுகிறேன்.

அவர்களுக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு. பிரிட்டனில் 2019இல் பாலினப் பாகுபாட்டு விதி வந்த பிறகு முதலில் தடையானவற்றில் ஒன்று ஃபிலடெல்ஃபியா பாலாடைக்கட்டி விளம்பரம். சாப்பாட்டு ருசியில் மயங்கிய இரண்டு அப்பாக்கள் கைக்குழந்தைகளை உணவு நகரும் பட்டையில் வைத்துவிடுகிறார்கள். நானாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் தடை விதித்த அமைப்பு காரணத்தை எழுதி வெளியிட்டது. யாரும் யார் கடைக்கும் கல்லோடு போகவில்லை. அந்தத் தடையோடு என்னால் வாதாட முடிகிறது.

நிறுவனங்களிடம் ஒன்று கேட்கிறேன். கவுன்சில் குற்றமில்லை என்று சொன்ன மறுநாளே எடுத்த படத்தைத் திரும்பப் போடுங்கள். கடைக்குக் காவல் கேளுங்கள். காவல் தருவது அரசின் வேலை. டிட்கோவின் வழியாகத் தமிழ்நாடு அரசும் இதைக் கேட்கலாம், பங்குதாரர் என்ற முறையிலேயே கேட்கலாம். ஏதாவது ஒரு விளம்பரம் உங்கள் மனத்தை உண்மையிலேயே புண்படுத்தினால் கடைக்குப் போகாதீர்கள். கல்லாவில் நிற்கும் பெண் அந்த விளம்பரத்தை எழுதவில்லை. 1985 முதல் இயங்கும் தரநிலைக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். பொதுமக்கள் புகார் கொடுக்க அங்கே கட்டணம் கிடையாது.