சாக்கடை மூடிக்கு யார் பொறுப்பு?

(நகர்ப்புற உள்ளாட்சி குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 செப்டம்பர் 11 அன்று ஐதராபாத் பழைய நகரின் யாகுத்புரா பகுதியில், பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு சிறுமி மூடியில்லாத பாதாளச் சாக்கடைக் குழிக்குள் விழுந்தாள். உடன் வந்த பெண் உடனே கையைவிட்டுத் தூக்கியதால் குழந்தை பிழைத்தது. தெருவில் இருந்த கண்காணிப்புக் கேமரா அதைப் பதிவு செய்திருந்தது. பதிவு ஊரெங்கும் பரவியது. அதன் பிறகுதான் அரசு இயந்திரம் அசைந்தது. அசைந்தது குழியை மூடுவதற்காக மட்டுமல்ல, அந்தக் குழி தன்னுடையது அல்ல என்று நிரூபிப்பதற்காகவும்தான். மாநகராட்சி, குடிநீர் கழிவுநீர் வாரியம், 2024 ஜூலையில் உருவாக்கப்பட்ட ஹைட்ரா என்ற பேரிடர் மீட்பு அமைப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கைகாட்டின. கடைசியில், தூர்வாரிய பின் மூடியை மூடாமல் போனது தமது அமைப்பின் கவனக்குறைவுதான் என்று ஹைட்ராவின் ஆணையர் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் ஒரு தெருவில் ஒரு மூடி யாருடையது என்பதை அறிய ஒரு குழந்தை விழவேண்டியிருந்தது. பேசவேண்டிய பொருள் இதுதான். தமது தெருவில் இருக்கும் ஆபத்தைப் பற்றி யாரிடம் சொல்வது, சொன்ன பின் யார் பதில் சொல்லவேண்டும் என்பதற்கு ஐதராபாத்தின் சாதாரணக் குடிமகனிடம் விடை இல்லை. அந்த விடை இல்லாமல் போனது தற்செயல் அல்ல.

யாகுத்புராவின் குழந்தை பிழைத்தது. பிழைக்காதவர்களும் உண்டு. 2020 செப்டம்பரில் நேரேட்மெட்டில் மிதிவண்டியில் வெளியே சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி திறந்த கால்வாயில் விழுந்து அடித்துச் செல்லப்பட்டாள். மறுநாள் ஏரியில் உடல் கிடைத்தது. 2021 செப்டம்பரில் மணிகொண்டாவில், மழை இரவில் நடந்து சென்ற ஒரு தகவல்தொழில்நுட்ப ஊழியர் வடிகால் பணிக்காகத் தோண்டப்பட்ட பள்ளத்தில் காணாமல் போனார். 2023 ஏப்ரல் 29 காலை, செகந்திராபாத் களாசிகுடாவில் பால் வாங்கப் புறப்பட்ட சிறுமி திறந்திருந்த நாலாவுக்குள் விழுந்து இறந்தாள். அதே ஆண்டு செப்டம்பரில் பிரகதி நகரில் நான்கு வயதுச் சிறுவன். நாலா என்பது மழைநீர் ஓடைக்கு அந்த நகரம் வைத்திருக்கும் பெயர். ஏரிக்கும் ஏரிக்கும் இடையே நீரைக் கொண்டு சென்ற பழைய ஓடைகள் இன்று சாக்கடையையும் மழைவெள்ளத்தையும் ஒன்றாகச் சுமக்கின்றன.

ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் நடப்பதை ஐதராபாத் மக்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அமைச்சர் வருவார். நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். கீழ்நிலைப் பொறியாளர் ஒருவரோ இருவரோ தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுவார்கள். களாசிகுடாவிலும் அப்படித்தான் இருவர் நீக்கப்பட்டனர். பாதுகாப்புத் தணிக்கைக்கு உத்தரவிடப்படும். அடுத்த மழை வரும்.

மூடி எப்படிக் காணாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பல இடங்களில் அதைத் திருடர்கள் எடுப்பதில்லை. ஒப்பந்ததாரரின் ஆட்கள் தூர்வாருவதற்காகத் திறக்கிறார்கள். எடுத்த கசடு குழியோரத்திலேயே குவித்து வைக்கப்படுகிறது, காய்ந்த பின் அள்ளலாம் என்று. அள்ளுவது இன்னொரு வண்டியின் வேலை. மூடியை மீண்டும் பொருத்துவது சில இடங்களில் மூன்றாமவரின் வேலை. தூர்வாருவதற்குப் பணம் உண்டு. மூடியதைச் சரிபார்ப்பவர் யார்? மறுபுறம், பெருமழையில் தெருவில் இடுப்பளவு நீர் நின்றால், வீட்டுக்குள் வெள்ளம் புகாதிருக்க மக்களே மூடியைத் தூக்கிவிடுகிறார்கள். மும்பையில் 2017 ஆகஸ்ட் 29 பெருமழையில் புகழ்பெற்ற குடல்நோய் மருத்துவர் ஒருவர் அப்படித் திறக்கப்பட்ட குழியில் விழுந்து இறந்தார். வழக்கு மூடியைத் திறந்த குடியிருப்பாளர்கள் மீது பாய்ந்தது. நீர் வடியாத வடிகாலைக் கட்டியவர்கள் அந்த வழக்கில் இல்லை.

அதே குழிக்குள் மேலிருந்து விழுபவர்கள் மட்டும் இறப்பதில்லை. 2021 ஆகஸ்டில் ஐதராபாத் சாகேப் நகரில் இரவு நேரத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கப்பட்டனர். இறங்கியவர் மூச்சுத் திணறினார், காப்பாற்ற இறங்கிய மற்றவரும் மாண்டார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் ஐதராபாத், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்துமாறு உத்தரவிட்டது. சட்டம் வேண்டிய அளவு இருக்கிறது. குடியிருப்பாளரின் பாதுகாப்பும் துப்புரவுத் தொழிலாளியின் பாதுகாப்பும் வேறு வேறு கோரிக்கைகள் என்று பிரித்துப் பேசுவது ஒப்பந்த முறைக்குத்தான் வசதி. நிரந்தரத் தொழிலாளிக்குத் தன் தெருவின் மூடிகள் தெரியும். நாளுக்கு நாள் மாற்றப்படும் கூலியாளுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இனி நிர்வாகத்தின் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது பழக்கமான கதையாகவே இருக்கும். ஐதராபாத் மாநகராட்சிக்கு 1986இல் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் முடிந்த பின் 2002 வரை தேர்தல் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று சொல்லும் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிறகும் ஒன்பது ஆண்டுக்காலம் அந்த நகருக்கு மன்றம் கிடைக்கவில்லை. 2000 ஆகஸ்டில் ஒரே நாளில் சுமார் 24 சென்டிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியது. அன்று வார்டு மக்கள் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர் கூட இல்லை. நகரைத் தனி அலுவலர் ஆண்டுகொண்டிருந்தார். வெள்ளத்துக்குப் பின் கிர்லோஸ்கர் ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை 2003இல் வந்தது. நாலாக்களை அகலப்படுத்தவேண்டும் என்றது. 2020 அக்டோபர் வெள்ளத்தில் மக்கள் மீண்டும் மிதந்தபோதும் அதே பரிந்துரைதான் மேசையில் கிடந்தது. அதன் பிறகே நாலா மேம்பாட்டுக்கென்று தனித் திட்டம் தொடங்கப்பட்டது.

2007 ஏப்ரலில் 12 நகராட்சிகளையும் 8 ஊராட்சிகளையும் இணைத்துப் பெருநகர ஐதராபாத் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. சுமார் 170 சதுர கிலோமீட்டர் நகரம் ஒரே நாளில் சுமார் 650 சதுர கிலோமீட்டர் ஆனது. மன்றத் தேர்தல் நடந்ததோ 2009 நவம்பரில். அந்த மன்றத்தின் காலம் 2014 டிசம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2016 பிப்ரவரியில்தான். நடுவில் மீண்டும் தனி அலுவலர். செகந்திராபாத் கண்டோன்மென்ட் வாரியத்தின் நிலை இன்னும் மோசம். அங்கே கடைசித் தேர்தல் 2015இல். 2023 ஏப்ரலில் நடத்துவதாக அறிவித்த தேர்தலையும் ஒன்றிய அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. லட்சக்கணக்கான மக்கள் நியமன நிர்வாகத்தின் கீழ் வாழ்கிறார்கள்.

சென்னை 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை மாமன்றம் இல்லாமல் கிடந்ததை இங்கே நினைவுபடுத்தத் தேவையில்லை. 2022 அக்டோபரில் அசோக் நகர் பகுதியில் மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் செய்தியாளர் இறந்தபோது மன்றம் வந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. தேர்தல் நடந்துவிட்டால் பள்ளங்கள் தாமாக மூடிக்கொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை. தேர்தல் தேவை, தேர்தல் மட்டும் போதாது.

ஏன் போதாது? 2021இல் பொறுப்பேற்ற ஐதராபாத் மாமன்றத்தில் 150 வார்டுகளுக்கு 150 உறுப்பினர்கள் இருந்தனர், பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆனால் செயல் அதிகாரம் முழுவதும் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம். சாக்கடை தனி வாரியத்திடம். நகர வளர்ச்சித் திட்டம் வேறோர் ஆணையத்திடம். ஏரிகளில் நீர்ப்பாசனத் துறைக்குப் பங்கு. பெருஞ்சாலை என்றால் இன்னொரு துறை. மழைக்கால அவசரப் பணி ஹைட்ராவிடம். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணை 18 பணிகளை வரிசைப்படுத்துகிறது. ஆனால் அவற்றை நகராட்சிகளிடம் ஒப்படைப்பது மாநிலத்தின் விருப்பம் என்று 243டபிள்யூ பிரிவு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் மாநில அரசுகள் அந்தக் கதவு வழியாகவே வெளியேறி வந்திருக்கின்றன. உலக வங்கி மொழியில் இதற்குச் சிறப்பு நிறுவனங்கள் என்று பெயர்.

2023 ஜூனில் வார்டுதோறும் அலுவலகம் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் பத்து அலுவலர்கள், மக்கள் வாசலுக்கே நிர்வாகம் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஆணையருக்குக் கட்டுப்பட்டவர்கள், வார்டு மக்களுக்கோ அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினருக்கோ அல்ல. 2020 சட்டத் திருத்தம் இளைஞர், பெண்கள், முதியோர், பிரமுகர் என்று ஒவ்வொரு வார்டுக்கும் நான்கு குழுக்கள், குழுவுக்கு 25 பேர் என்றது. மொத்தம் 15,000 பேர். இந்தக் குழு எந்த நாளில், எந்த இடத்தில் கூடியது என்று ஐதராபாத்தின் ஏதாவது ஒரு பஸ்தியில் கேட்டுப் பார்க்கலாம்.

கைபேசிச் செயலியில் புகார் கொடுக்கலாம் என்பார்கள். கொடுக்கலாம். எண் வரும். சில நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்ற செய்தியும் வரும். தீர்ந்ததா என்று சொல்லும் உரிமை புகார் கொடுத்தவரிடம் இல்லை, தீர்க்க வேண்டியவரிடம் இருக்கிறது. இதைவிட விசித்திரமான நீதிமன்றம் வேறெங்கும் இல்லை.

ஆபத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவும் இல்லை. சுற்றுச்சுவருக்குள் இருக்கும் அடுக்குமாடி வளாகத்தில் காவலாளி உண்டு, விளக்கு உண்டு, பராமரிப்புக் கட்டணம் உண்டு. அந்தக் காவலாளியின் குழந்தைக்கு என்ன உண்டு? 2023 பிப்ரவரியில் அம்பர்பேட்டையில் தெருநாய்கள் கடித்துக் கொன்ற நான்கு வயதுச் சிறுவன், தந்தை காவல் வேலை பார்த்த இடத்துக்கு உடன் சென்றவன். உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. விவாதம் நாய்களைப் பிடிப்பதா, கருத்தடை செய்வதா என்று சுழன்றது. கருத்தடையும் தடுப்பூசியும் முறையாக நடக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குப்பை அள்ளப்படாத தெருவும், தொழிலாளியின் குழந்தையை விட்டுச்செல்ல ஓர் இடம் இல்லாத நகரமும் அந்த விவாதத்தில் ஓரமாகவே நின்றன.

நாலா ஓரக் குடிசைகள் வேறு வகை. 2025 செப்டம்பர் 14 இரவு அப்சல்சாகர் நாலாவில் இருவரும் முஷீராபாத்தில் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டனர். இத்தகைய ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் ஆக்கிரமிப்பை அகற்று என்ற குரல் எழுகிறது. ஏரியின் வயிற்றிலேயே மாளிகை கட்டியவர்களை நோக்கியும் அந்தக் குரல் எழுந்தால் மறுப்பவர் யார்? குடிசைக்காரர்களுக்கு மாற்று வீடு கொடுத்த பின்னரே இடிப்பு என்ற முறை இருந்தால், நாலா ஓரத்தில் வாழ விரும்பும் ஏழை ஒருவரையும் காண முடியாது.

இந்த இருட்டில் அண்மையில் ஒரு வெளிச்சம் பம்பாயிலிருந்து வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைக் குழியாலும் திறந்த மேன்ஹோலாலும் இறப்பவர் குடும்பத்துக்கு உள்ளாட்சி அமைப்பு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும், காயத்துக்கு 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரை தரவேண்டும், அந்தத் தொகையைப் பொறுப்பான ஒப்பந்ததாரரிடமும் அதிகாரியிடமும் வசூலிக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அமைச்சர் மனமிரங்கிக் கொடுப்பதும் சட்டப்படி கேட்டுப் பெறுவதும் ஒன்றல்ல. 6 லட்சம் ஓர் உயிருக்கு ஈடா என்ற கேள்வி இருக்கட்டும். ஒப்பந்ததாரரின் பையில் கை வைக்கலாம் என்று ஒரு நீதிமன்றம் சொன்னதே முக்கியம். தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் இது சட்டமாக வேண்டும். நீதிபதிகள் மாறினால் மாறும் ஆணையாக இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. குறைகள் ஏராளம். ஆனால் ஒரு வாக்குச்சாவடிப் பகுதி மக்கள் அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து, எங்கள் தெரு மூடி எங்கே என்று கேட்டுப் பதிவேட்டில் எழுத வைக்க முடியும் என்பது சிறிய விஷயமல்ல. ஐதராபாத் தோழர்கள் கேட்பதும் இதைத்தான். வார்டு சபை கூடவேண்டும். தூர்வாரும் ஒவ்வொரு இடத்திலும் ஒப்பந்ததாரர் பெயரும் பொறுப்பு அலுவலர் பெயரும் முடிக்கும் நாளும் எழுதிய பலகை நிற்கவேண்டும். வார்டு சபை கையொப்பமிட்டால்தான் ஒப்பந்தத் தொகை வழங்கப்படவேண்டும். மழைநீர், சாக்கடை, மூடி மூன்றும் மாநகராட்சியின் ஒரே துறையின் கீழ், நிரந்தரத் தொழிலாளர்களிடம், இயந்திரங்களுடன் இருக்கவேண்டும்.

2021 பிப்ரவரி 11 அன்று பொறுப்பேற்ற ஐதராபாத் மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2026 பிப்ரவரியில் முடிவடைந்தது. 1991லும் 2014லும் நடந்தது போல நாற்காலியில் தனி அலுவலரை உட்கார வைத்துவிட்டுத் தேர்தலைத் தள்ளிப்போடும் முயற்சி நடந்தால், அடுத்த மழைக்காலத்தில் யாகுத்புராத் தாய்மார்கள் கேள்வி கேட்க வார்டில் ஒரு முகம் கூட இருக்காது. தேர்தல் தேதியை அறிவிக்கக் கோரும் கையொப்ப இயக்கத்தை வார்டு அலுவலகங்களின் வாசலிலேயே தொடங்கவேண்டும். படிவத்தின் முதல் வரியில் பெயர், இரண்டாவது வரியில் அந்தத் தெருவில் மூடியில்லாத குழிகளின் எண்ணிக்கை.