புழக்கடைக் கதவு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பாடம் எடுக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள். வண்ணாரப்பேட்டைக்காரன் ஒருவன் பட்ட அனுபவத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கு. அங்கே வைஃபை போட்டுக் கொடுத்தவன் நான்தான். பாஸ்வேர்டு, ஃபயர்வால் எல்லாம் பக்கா. ஒருநாள் போகிறேன், கேட்டுக்கு வெளியே லாரி டிரைவர்கள் செல்போனில் ஜாலியாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "ஏதுண்ணே நெட்டு?" என்றேன். "இந்த ஆபீஸ் வைஃபைதான் தம்பி, பாஸ்வேர்டே கேக்கல!" என்றார் ஒருவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லேப்டாப்பைக் கையில் பிடித்து, சிக்னல் எங்கே ஏறுகிறது என்று பார்த்தபடியே நடந்தேன். எடைமேடை அறையில், பீரோவுக்குப் பின்னால் ஒரு சின்ன ரவுட்டர்! சூப்பர்வைசர் ரிச்சி தெருவில் வாங்கிவந்து, சுவரிலிருந்த நெட்வொர்க் பாயின்ட்டில் செருகியிருக்கிறார். எடைக் கணக்கும் பில்லும் ஓடுகிற அதே நெட்வொர்க். தெருவில் நிற்கிற யாரும் உள்ளே நுழையலாம். வாசலுக்கு நான் பூட்டுப் போட்டேன்; புழக்கடை திறந்து கிடந்தது.

கோபமாகக் கேட்டேன். "சார், இங்க சிக்னலே வரலைன்னு மூணு தடவை சொன்னேன். யாரும் காதுல போட்டுக்கல" என்றார். அவர் சொன்னது என்னிடம்தான்.

அந்த வாரமே அந்த அறைக்கு முறையான அக்சஸ் பாயின்ட் வைத்தேன். அடையாளம் காட்டாத கருவியைச் சுவர்ப் பாயின்ட் ஏற்காதபடி 802.1எக்ஸ் முறையைப் போட்டேன். டிரைவர்களுக்குத் தனி வைஃபை. கிடங்கு நெட்வொர்க்கோடு அதற்குத் தொடர்பே இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயமல்ல. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போனது. போலீஸ் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்! அடுத்த மாதமே மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையும் இப்படிப் பயன்பட்டது.

தம்பி தங்கைகளே, லேபில் சிக்னல் இல்லையென்றால் ரவுட்டரைக் கொண்டுவந்து செருகாதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். என்னைப் போல் பொறுப்பில் இருக்கும் நண்பர்களே, முதல் தடவை கேட்கும்போதே காது கொடுங்கள். நாம் கேட்காத குறைதான் பீரோவுக்குப் பின்னால் ரவுட்டராக முளைக்கிறது.