மரத்தில் மாறியதும் விதையில் மாறியதும்



ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில் பைக்காராவைத் தாண்டினால் நடுவட்டம் வரும். இன்று தேயிலை நிற்கும் அந்தச் சரிவுகளில் 1860களில் அரசாங்கம் சின்கோனாவைப் பயிரிட்டது. மலேரியாவுக்கு அன்றிருந்த ஒரே நல்ல மருந்தான கொய்னா அதன் பட்டையில்தான் இருந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் ஏற்பாட்டில் ஆண்டிஸ் மலைகளிலிருந்து வந்த செடிகளை வளர்க்கும் பொறுப்பு வில்லியம் கிரஹாம் மெக்ஐவருடையது. மரத்தின் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைப்பது அவர் கண்ட முறை. புதிதாக வளர்ந்த பட்டையில் கொய்னா கூடியிருந்தது. பெரிய சாதனைதான். ஆனால் கூடிய கொய்னா அந்த மரத்தோடு நின்றது, விதைக்குள் இறங்கவில்லை. ஜாவாவில் டச்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1865இல் சார்லஸ் லெட்ஜரிடமிருந்து பொலிவிய விதையை வாங்கி, கொய்னா மிகுந்த மரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பிற இனங்களின் மகரந்தம் கலக்காமல் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். சில பத்தாண்டுகளில் உலகக் கொய்னாச் சந்தை ஜாவாவின் கைக்குப் போனது. அந்த விதையைக் காட்டில் தேடிச் சேகரித்தவர் மனுவேல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடியினர். இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் பெயரை விட்டுவிடக் கூடாது.

சூழல் மாறும்போது தாவரக் கூட்டங்கள் எப்படிப் பரிணமிக்கின்றன என்று கேட்கும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய மேலாய்வு முழுவதும், மரத்தோடு நிற்கும் மாற்றத்துக்கும் விதையில் இறங்கும் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. ஒரு செடி முன்னதாகப் பூக்கிறது, இலை தடிக்கிறது என்று கண்ணால் பார்த்த மட்டில் அதைப் பரிணாமம் என்று சொல்லிவிட முடியாது. வெயில் கூடியதால் அந்தச் செடி மட்டும் வளைந்து கொடுத்திருக்கலாம். இரண்டு காலத்து விதைகளையோ இரண்டு உயரங்களின் விதைகளையோ ஒரே மண்ணில், ஒரே நீரில் வளர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு கடுகினச் செடியின் விதைகளை 1997இல் சேகரித்து வைத்திருந்தார்கள். இடையில் கடும் வறட்சி. 2004இல் அதே இடங்களில் மீண்டும் விதை எடுத்து, இரண்டையும் அருகருகே வளர்த்தபோது, வறட்சிக்குப் பிந்தைய வம்சம் முன்னதாகப் பூத்தது. ஏழே ஆண்டுகளில் விதைக்குள்ளேயே மாற்றம் நிகழ்ந்திருந்தது.

அது ஓராண்டுச் செடி, நீலகிரியின் சோலைக்காட்டு மரங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னொரு மறுப்பும் உண்டு. நீலகிரியின் சதுப்பு மண்ணில் பொதிந்துள்ள கார்பனை ஆராய்ந்து ராமன் சுகுமார் குழுவினர் 1993இல் வெளியிட்ட முடிவு, கடந்த 20,000 ஆண்டுகளில் மழை கூடியும் குறைந்தும் வர, மலையின் தாவரங்களும் அதற்கேற்ப மாறி வந்ததைக் காட்டியது. அவ்வளவையும் கடந்து வந்த மலை இன்றைய காலநிலை மாற்றத்தையும் கடக்காதா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அன்று மாற்றத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. சோலை விலகவும் பரவவும் இடம் இருந்தது. இன்று சோலைகள் தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் நடுவே துண்டு துண்டாக நிற்கின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வாட்டில் எனப்படும் சீகை மரம் புல்வெளியை மூடிக்கொண்டு வருகிறது. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது: திறந்த புல்வெளியில் சோலைக் கன்றுகளை வளரவிடாமல் தடுப்பது உறைபனி, சீகைக்கன்றோ அதைப் பெரிதும் தாங்கிக்கொள்கிறது. வெப்பம் கூடி உறைபனி குறைந்தால் சோலைக்கும் புல்வெளிக்கும் உள்ள சமநிலை குலையும். ஒரு தலைமுறைக்குப் பல பத்தாண்டுகள் எடுக்கும் மரம், புதிதாக ஒரு குணம் தோன்றட்டும் என்று காத்திருக்க முடியாது. தன் கூட்டத்துக்குள் ஏற்கெனவே உள்ள வேறுபாடுகளே அதன் கையிருப்பு. அந்தக் கையிருப்பு எந்தச் சோலையில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல், கிடைத்த நாற்றை எங்கும் நட்டுவிட்டு மீட்டெடுத்தோம் என்று சொல்வது, விதையை மறந்து பட்டையைப் பார்ப்பதாகும்.

மேலாய்வு என்பது இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம், அதில் வாழ்க்கை நிலைக்குமா என்று பெற்றோர் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. அந்தக் கவலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பல்கலைக்கழகங்களும் அரசும்தான். மரத்தின் தலைமுறையை இரண்டாண்டு நிதியால் அளக்க முடியாது, நிலையான சோதனைத் தோட்டங்களும் நிலையான பதவிகளும் வேண்டும். ஆனால் அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை உலர்ந்தால் செத்துவிடும், அவற்றை வெவ்வேறு உயரங்களில் கன்றாக நட்டு, எது எந்தத் தாய்மரத்தின் பிள்ளை என்று குறித்து வைக்க வேண்டும். உலர்த்திக் காக்கக்கூடிய புல் விதைகளை இந்தப் பருவத்திலேயே சேகரியுங்கள். உறையின் மேல் இடம், உயரம், தேதி மூன்றையும் எழுதுங்கள். 2050இல் ஒருவர் அவற்றை முளைக்க வைத்து ஒப்பிட வேண்டுமானால், அந்த விதை இந்த ஆண்டே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.